கை உயர்த்தப்பட்டவர்தாம் வென்றவரா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

குத்துச்சண்டையைப் பற்றி ஒரு மாணவி நம் ஆண்டு மலரில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் நான் எழுதாமல் இருக்க முடியாது என்பது விளங்கிவிடும். மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்ததும் தாத்தா முகம்மது அலியைத் தொடங்குவார். சித்தப்பா உடனே கென் நார்ட்டனைக் கொண்டு வந்து நிறுத்துவார். 1976-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த சண்டையில் அலி வென்றதாக நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நார்ட்டன்தான் வென்றார் என்று அன்றே பலர் சொன்னார்கள். அப்போது சித்தப்பா பிறக்கவே இல்லை. ஆனாலும் நேரில் பார்த்தவர் போலச் சண்டை போடுவார்.

தாத்தா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் மதுரைக்கு வந்தார். ராயபுரத்தில் குடியிருந்த நாளில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னையே இரண்டுபட்டு நிற்கும் என்பார். 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதியபோது தாத்தாவும் கூட்டத்தில் இருந்தாராம். ஆகவே அலியைக் குறைத்துப் பேசினால் அவருக்குப் பொறுக்காது.

இந்த வாதம் ஏன் முடிவதே இல்லை என்று யோசித்தேன். நூறு மீட்டர் ஓட்டத்தில் யார் நெஞ்சு முதலில் நாடாவைத் தொட்டது என்று கண்ணுக்குத் தெரியும். அலங்காநல்லூரில் மாடு பிடிபட்டதா இல்லையா என்று டீக்கடையில் மறுநாள் வரை பேசினாலும், திமிலைப் பிடித்தவன் விட்டானா விடவில்லையா என்பது ஒரே கேள்விதான். குத்துச்சண்டையிலும் ஒருவர் கீழே விழுந்து பத்து எண்ணும்வரை எழாவிட்டால் வாதமில்லை. இருவருமே கடைசி மணிவரை நின்றுவிட்டால்தான் தொல்லை. அப்போது முடிவு, மேடையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நடுவர்களின் மதிப்பெண்ணுக்குப் போய்விடுகிறது.

ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் உள்ளே நிற்கும் ரெஃப்ரி சண்டையை நடத்துவார், அவ்வளவுதான். மதிப்பெண் போடும் நடுவர்கள் ஐவரும் மேடைக்கு வெளியே வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்திருப்பார்கள். மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தமக்கு மேலாகத் தோன்றியவருக்கு 10, மற்றவருக்கு 9 (மிகவும் அடி வாங்கினால் 8) என்று ஒவ்வொரு நடுவரும் தனித்தனியே இடுவார். மூடிய கையுறையின் கணுப் பகுதியால், தலையின் முன்புறமோ பக்கமோ, இடுப்புக்கு மேலே உடம்பிலோ விழும் குத்தே கணக்கு. தடுக்கும் கையின் மேல் விழுந்தால் சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும்; கணக்கில் சேராது. கூட்டம் எதற்கு ஆர்ப்பரிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீராங்கனையின் முதுகு ஒரு நடுவரை மறைக்கும்; அதே குத்து எதிர்ப்பக்க நடுவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஐவரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் ஐந்து விதமாக எழுத முடியும்.

இனி மேரி கோமைப் பார்ப்போம். மணிப்பூரில் பிறந்து மொய்ராங்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியிலும் படித்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். 2021 ஜூலை 29 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவின் இங்ரிட் வாலென்சியாவுடன் மோதினார். அப்போது அவருக்கு வயது 38. முதல் சுற்றில் ஐந்து நடுவரில் நால்வர் வாலென்சியா பக்கம். இரண்டாம் சுற்றில் மூவர் மேரி பக்கம். மூன்றாம் சுற்றிலும் மூவர் மேரி பக்கம். மூன்றில் இரண்டு சுற்று அவருடையது. ஆனாலும் 3-2 என்று வாலென்சியா வென்றதாக அறிவித்தார்கள். தாம் வென்றுவிட்டதாகவே எண்ணி மகிழ்ச்சியோடு வெளியே வந்ததாக மேரி பின்னர் சொன்னார். எங்கள் வீட்டிலும் சித்தப்பா, "இது என்ன அநியாயம்? ரெண்டு ரவுண்டு ஜெயிச்சவ எப்படித் தோப்பா?" என்று கத்தினார். அதன்பின் பல மாதங்கள் அவர் இதை விடவில்லை.

இந்தக் கேள்வியை நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நம் பேச்சுப் போட்டியில் எல்லா நடுவர்களின் மதிப்பெண்களையும் ஒன்றாகக் கூட்டித்தானே பரிசு கொடுப்பார்கள்? குத்துச்சண்டையில் அப்படிக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு நடுவரும் தம் மூன்று சுற்றையும் கூட்டி, தம் கணக்கில் யார் முன்னால் என்று பார்ப்பார். அது ஓர் ஓட்டு. ஐந்து ஓட்டில் மூன்று பெற்றவர் வென்றவர். சுற்றுகளை யார் வென்றார் என்று தனியே எண்ணுவதே இல்லை.

சிவப்பு மூலை, நீல மூலை என்று இருவரை வைத்துக்கொள்வோம். முதல் சுற்றை 1, 2, 3, 4 ஆகிய நடுவர்கள் சிவப்புக்குத் தருகிறார்கள். இரண்டாம் சுற்றை 1, 2 மட்டும் சிவப்புக்குத் தருகிறார்கள். மூன்றாம் சுற்றை 1, 3 மட்டும் தருகிறார்கள். ஆக, இரண்டாம் மூன்றாம் சுற்றுகள் 3-2 என்று நீலத்துக்கே. ஆனால் ஒவ்வொருவராகப் பாருங்கள். முதல் நடுவரிடம் சிவப்புக்கு மூன்று சுற்றும், இரண்டாமவரிடம் இரண்டு சுற்றும், மூன்றாமவரிடம் இரண்டு சுற்றும் கிடைத்துள்ளன. மூன்று ஓட்டு! சிவப்பு வென்றுவிட்டது. டோக்கியோவில் நடந்தது இந்த மாதிரிக் கணக்குதான்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்றாம் சுற்றைச் சிவப்புக்குத் தந்தவர்கள் 1, 3 அல்ல, 1, 2 என்று வையுங்கள். சுற்றுக் கணக்கு பழையபடியே இருக்கிறது: 4-1, 2-3, 2-3. ஆனால் சிவப்புக்கு இப்போது 1, 2 ஆகிய இருவரின் ஓட்டுத்தான். 3, 4, 5 மூவரும் நீலம். நீலம் வென்றுவிட்டது! பேச்சுப் போட்டியைப் போல எல்லாவற்றையும் கூட்டினால் சிவப்புக்கு 143, நீலத்துக்கு 142 வருகிறது. அதிக மதிப்பெண் பெற்றவர் தோற்றுப் போகிறார்.

இதைக் கணக்கு சிஸ்டரிடம் காட்டினேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "தப்பில்லையே!" என்றார். வீட்டில் சித்தப்பாவிடம் காட்டியபோது, "கணக்கு சரிதான், நியாயம் சரியில்லை" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னதிலும் பொருள் உண்டு. கண் தவறுவது வேறு, கணக்கு சுற்றுவது வேறு, மனம் தவறுவது வேறு. 1988-இல் சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் 19 வயது ராய் ஜோன்ஸ், தென் கொரியாவின் பார்க் சி-ஹுன் இருவரும் மோதினார்கள். ஒரு கணக்கின்படி ஜோன்ஸ் 86 குத்துகளும் பார்க் 32 குத்துகளும் பெறச் செய்தார்கள். 3-2 என்று பார்க்கின் கையை உயர்த்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள்! லஞ்சம் நடந்ததற்குச் சான்றில்லை என்று 1997-இல் ஒலிம்பிக் குழு முடிவு கூறிற்று. நம்பியவர்கள் குறைவு.

இந்த அவமானத்துக்குப் பிறகு 1992 முதல் ஒலிம்பிக்கில் பொத்தான் முறை வந்தது. ஐந்து நடுவரில் மூவர் ஏறக்குறைய ஒரே நொடியில் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. அதிலும் குறை கண்டார்கள். வயிற்றில் விழும் குத்தை யாரும் அழுத்துவதில்லை. தொட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கே லாபம். 2013-இல் 10 மதிப்பெண் முறைக்கு மாறினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மறுபடியும் கூச்சல். அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும் பிறகு ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். அங்கே முடிவுகள் திரிக்கப்பட்டன என்று 2021-இல் ஒரு விசாரணை அறிக்கையே சொல்லிற்று. முறையை மாற்ற மாற்ற ஆளும் மாற வேண்டாமா என்பது தாத்தாவின் கேள்வி. மதுரைக்காரர்களுக்குத் தவறான தீர்ப்பு என்றால் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகுமா? உண்மை தெரிந்த நொடியில் பாண்டியன் அரியணையிலிருந்து விழுந்து உயிரையே விட்டான். குத்துச்சண்டை நடுவர்கள் மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்காருகிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பெரிய வாதம் சரிதா தேவியைப் பற்றியது. அவரும் மணிப்பூர்க்காரர், அப்போது ஒரு கைக்குழந்தையின் தாய். 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், 60 கிலோ அரையிறுதியில், தென் கொரியாவின் பார்க் ஜி-னாவை அவர் நன்றாக அடித்தார் என்பதே பார்த்த பெரும்பாலோரின் கருத்து. தீர்ப்பு 3-0 என்று பார்க்குக்குப் போயிற்று. நடுவர்களின் முடிவை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று இந்தியாவின் முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். அக்டோபர் 1 அன்று பரிசு மேடையில் சரிதா வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் ஏற்கவில்லை. அழுதுகொண்டே அதைக் கொண்டுபோய் வெள்ளி வென்ற பார்க் ஜி-னாவிடமே கொடுத்துவிட்டார். அவர் திருப்பித் தந்தும் வாங்கவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஓராண்டு தடை விதித்தார்கள். அதே போட்டிகளில் மேரி கோம் 51 கிலோ பிரிவில் தங்கம் வென்றதால் நாடு அந்த மகிழ்ச்சியில் இதைச் சீக்கிரம் மறந்தது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெரியவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு வந்து பிறகு பேசியிருக்கலாம் என்கிறார். சித்தப்பாவுக்கோ சரிதா ஒரு கண்ணகி. நான் இருவர் பக்கமும் முழுவதும் இல்லை. முறையிடும் வாசலை மூடிவிட்ட பிறகு அவர் வேறு எங்கே பேசியிருக்க முடியும்? ஆனால் பார்க் ஜி-னாவை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. மதிப்பெண் எழுதியது அவரா? கையில் இரண்டு பதக்கத்தோடு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாரே, அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து என்னால் அவரை வெறுக்க முடியவில்லை.

சியோலில் வென்ற பார்க் சி-ஹுன் கதையும் அப்படித்தான். ஊரே அவரைப் பழித்தது. தாமே வென்றதாக அவராலும் நினைக்க முடியவில்லை. 2023-இல், 35 ஆண்டு கழித்து, அவர் கொரியாவிலிருந்து அமெரிக்காவில் ஃப்ளாரிடாவில் உள்ள ராய் ஜோன்ஸின் வீட்டுக்குப் போய்த் தங்கப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். ஜோன்ஸ் இதை 2025-இல்தான் உலகுக்குச் சொன்னார்.

இந்தச் செய்தியைத் தாத்தாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏம்மா, அந்த நார்ட்டன் சண்டை... பதினைந்து ரவுண்டையும் உன் நோட்டில் போட்டுப் பார்க்க முடியுமா?" என்று மெல்லக் கேட்டார். சித்தப்பா காதில் விழுந்துவிடக் கூடாதே என்று கதவுப் பக்கம் ஒரு பார்வை வேறு!