நாலு பலகைக்கு ஒரு பலகை தூள்

செங்கோட்டை, தென்காசி பக்கத்து மர அறுவை மில்களில் தடி வந்து இறங்கியதும் முதலில் டேப்தான் வெளியே வரும். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. 4 அடி சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. பள்ளிக்கூடக் கணக்குப்படி அந்த உருளையில் 12.7 கன அடி இருக்கிறது. மிச்சம் 2.7, பட்டைக்கும் ஓரச் சிராய்க்கும் தூளுக்கும் விட்ட கழிவு.

கழிவு அதைத் தாண்டினால் முதலாளியின் கைக்காசு. தாண்டுவதோ சுலபம். ரம்பம் ஒவ்வொரு ஓட்டத்திலும் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தின்கிறது. கனமான நிலைச் சட்டத்தில் அது தெரியாது. அரை இஞ்ச் பலகை கேட்டால், நாலு பலகைக்கு ஒரு பலகை தூளாகக் கொட்டும். தடிக்குள் பொந்து இருந்தால் அறுத்த பிறகுதான் தெரியும். பணமோ ஏற்கெனவே கொடுத்தாயிற்று. சாலையோர வேம்பு, புளி என்றால் இன்னொரு பயம்: எவரோ என்றோ போர்டு மாட்ட அடித்த ஆணி. ரம்பத்தின் பல் போனால் அன்றைய அறுப்புக் கூலியும் போச்சு.

2014 ஏப்ரலில் மியான்மர் தேக்குத் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கு தூத்துக்குடியில் இறங்குகிறது. பலதும் இளந்தடிகள். தடி சிறுத்தால் வெள்ளை கூடும், வைரம் குறையும். வீடு கட்டுகிறவர் கேட்பது மட்டும் மாறவில்லை: “பர்மா தேக்குதானே அண்ணாச்சி?”

ஓரச் சிராய் விறகுக்குப் போகிறது, தூள், கோழிப்பண்ணைக்கு. மின்கட்டணத் தேதி நெருங்கினால் தூள் மூட்டைகளை எண்ணிப் பார்க்கிற முதலாளிகள் உண்டு.