ரயிலில் இறங்கி, தோட்டத்தில் நடந்து, பஸ்ஸில் திரும்பலாம்

மலையில் நடக்கப் போகிறவருக்குக் கார் ஒரு கால்கட்டு. காலையில் நிறுத்திய இடத்துக்கே மாலையில் வந்தாக வேண்டும். ரயிலையும் பஸ்ஸையும் நம்பிப் புறப்பட்டால் ஓர் ஊரில் இறங்கி, மலையைக் கடந்து, இன்னோர் ஊரில் ஏறிக்கொள்ளலாம். இதற்கு இலங்கையின் மலையகம் அருமையான இடம்.

இந்தப் பாதைகள் எப்படி அமைந்தன?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டு கொழும்பிலிருந்து ரயில் கண்டியை எட்டியது. முதலில் காப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்க அந்தப் பாதை தேவைப்பட்டது. 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் அது நீண்டது. தொழிற்சாலை, கொழுந்து பறிக்கும் மலை, தொழிலாளர் குடியிருப்பான லயம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இணைக்கும் தோட்டப் பாதைகளும் கூடவே உருவாயின.

அந்தப் பழைய பாதைகளைக் கோத்து அமைத்த நடைபாதையே ‘பெக்கோ ட்ரெயில்’. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இது 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும். மொத்தம் 22 கட்டங்கள். விரும்பிய கட்டத்தை மட்டும் நடந்துவிட்டு ஊர் திரும்பலாம்.

எங்கே தொடங்கலாம்?

வட்டகொடையிலிருந்து கொட்டகலை வரையிலான கட்டம் புதியவர்களுக்கு வசதி. இரண்டு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. இடையே இருப்பது தலவாக்கலை. திரும்பும் ரயிலிலிருந்து சென் கிளேயர் அருவியைப் பார்க்கலாம்.

ஹப்புத்தளையில் வேறு வழி. அங்கிருந்து தோட்டத் தொழிலாளர்கள் போகும் பஸ்ஸிலேயே தம்பேதன்னை தொழிற்சாலைக்குப் போய்விடலாம். 1890இல் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. அங்கிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஏறினால் லிப்டன் சீட் என்னும் காட்சிமுனை. வழியில் கொழுந்து நிறுக்கும் இடங்களைக் கடப்பீர்கள்: பெண்கள் வரிசையில் நின்று பறித்த கொழுந்தைத் தராசில் வைக்க, கிலோக் கணக்கு அங்கேயே பதிவாகும். அன்றைய சம்பளம் அந்தக் கணக்கைப் பொறுத்தது.

யாருடைய பாதை?

இந்தப் பாதைகளில் முதலில் நடந்தவர்கள் தமிழகத்திலிருந்து போனவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டார்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடைப்பயணம் நடந்தது. தேயிலைப் பச்சையை ரசிப்பவர்களுக்கு இந்த வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தோட்டத்திலிருந்து கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் வழி மறையும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மண்சரிவால் ரயிலும் சாலையும் தடைபடுவதுண்டு, புறப்படுமுன் விசாரியுங்கள். எல்ல என்ற ஊரிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் பலர் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார்கள். ரயில் ஓடும் பாதை அது. ஒதுங்கி நடப்பதே பாதுகாப்பு.

கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். லயத்து வாசல் ஒருவருடைய வீட்டு முற்றம். தோட்டத்துக் கடையிலேயே ரொட்டியும் தேநீரும் வாங்குங்கள். உங்கள் செலவில் ஒரு பங்காவது அந்த மலையில் வாழ்பவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.