மாடித்தோட்டமா? முதல்ல கனத்தைப் பாருங்க!

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் செடி வைக்கணும்னா பால்கனி, இல்லைன்னா மொட்டை மாடிதான். பெயிண்ட் பக்கெட், உடைஞ்ச குடம், தண்ணி கேன்னு தொட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு.

ஒரு லிட்டர் ஈர மண் சுமார் 1.7 கிலோ. அப்போ 20 லிட்டர் பக்கெட் 34 கிலோ. ஒரு சதுர மீட்டரில் 9 பக்கெட்டை நெருக்கி வைத்தால் 300 கிலோவைத் தாண்டும்! ஆட்கள் ஏறிப் போகும் மாடிக்கு ஐஎஸ் 875 சொல்லும் லைவ் லோடு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா இன்னும் ஜாக்கிரதை.

அதனால்தான் தேங்காய் நார்க்கழிவு. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தின் ‘கிட்’டிலும் இதுதான் இருந்தது. நார்க்கழிவும் மட்கிய உரமும் சரிபாதி கலந்தால், கனம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு, மூன்று தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துங்க.

பக்கெட்டில் ஓட்டை போட மறக்காதீங்க. தண்ணீர் தேங்கினா வேர் அழுகிடும். செங்கல் மேல வையுங்க, தளத்தில் ஈரம் நிக்காது. கனமான தொட்டிகளை நடுவில் குவிக்காம, சுவர் ஓரமா தள்ளித் தள்ளி வையுங்க.

கீரைக்கு அரை அடி ஆழமே போதும். பழைய டிரேயில் இன்னைக்கே விதைக்கலாம்!