மனிதனா, பொறியா?



தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில், நளனைப் போலவே உருக்கொண்டு தேவர் நால்வர் வீற்றிருந்த கதையை நீங்கள் அறிவீர்கள். ஐவருள் மனிதன் யார்? கண் இமைப்பதையும், கால் நிலத்தில் படிவதையும், சூடிய மாலை வாடுவதையும் கண்டு அவள் நளனைத் தெரிந்துகொண்டாள். இன்று இணையத்தின் வாயில்கள் பலவற்றிலும் அதே வினா எழுகிறது. இரயில் பயணச்சீட்டுப் பதியவோ, விண்ணப்பம் ஒன்றை அனுப்பவோ முற்படும்போது, கோணல்மாணலான சில எழுத்துகளைக் காட்டி, 'இவற்றைப் படித்து எழுதுக' என்கிறது கணிப்பொறி. நாம் மனிதர்தாம் என்பதை நாமே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. ஏன் இந்தத் தேர்வு?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்லாஷ்டாட் என்னும் அமெரிக்க இணையதளம், கணிப்பொறியியலில் மேற்படிப்புக்குச் சிறந்த கல்வி நிலையம் எது என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் சிலர், தங்கள் நிலையத்துக்கு ஓயாமல் வாக்களிக்கும் நிரல் ஒன்றை எழுதிவிட்டனர். மறுநாளே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களும் அவ்வாறே செய்தனர். முடிவில் மாசசூசெட்ஸ் கழகத்துக்கு 21,156 வாக்குகள். கார்னகி மெலனுக்கு 21,032. ஏனைய நிலையங்களுள் ஒன்றுகூட ஆயிரத்தை எட்டவில்லை. வென்றது கல்லூரி அன்று; நிரல்.

மனிதன் பொய் வாக்கு அளித்தால், பத்து முறை அளித்ததும் கை சலித்துவிடும். நிரலுக்குச் சலிப்பும் இல்லை, உறக்கமும் இல்லை. ஆளுக்கு ஓர் இலை என்று போட்ட பந்தியில், ஒருவனே ஆயிரம் இலைகளில் அமர்ந்துவிட்டால் மற்றவர் கதி என்ன? இலவச மின்னஞ்சல் கணக்குகளை ஆயிரக்கணக்கில் திறந்து, அவற்றின் வழியாக வேண்டாத விளம்பரங்களை அனுப்புவதும், பயணச்சீட்டுகளை நொடியில் வளைத்துக்கொள்வதும் இத்தகைய செயல்களே. ஆகவே இத்தேர்வு நம்மை ஐயுறுவதற்காக எழுந்ததன்று. ஆளுக்கு ஒன்று என்னும் நீதியைக் காப்பதற்காகவே எழுந்தது.

1950இல் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், எழுத்து வழியே உரையாடி, எதிரில் இருப்பது மனிதனா பொறியா என்று கண்டறியும் ஒரு சோதனையை எடுத்துரைத்தார். அங்கே நடுவர் மனிதர். இங்கோ பொறியே நடுவர்! 1997இல் ஆல்டவிஸ்டா என்னும் தேடுதளம், திரித்த எழுத்துகளைக் காட்டித் தானியங்கி நிரல்களைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டில் கார்னகி மெலனைச் சேர்ந்த மானுவல் பிளம், லூயிஸ் வான் ஆன் முதலியோர் யாகூ நிறுவனத்துக்காக இத்தகைய தேர்வுகளை அமைத்தனர். 'கேப்ட்சா' என்று அவற்றுக்குப் பெயர். இதில் ஒரு விந்தை உண்டு. எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வளைத்ததே பொறியாதலால், விடை அதற்குத் தெரியும். வினாவைத் தொடுக்கவும் விடையைத் திருத்தவும் வல்லது. ஆனால் வேறொரு பொறி அதே படத்தைப் பார்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் எழுத்துகளைப் பிரித்தறிய மாட்டாமல் திகைத்தது.

2007இல் இந்த உழைப்பையும் வீணாக்காத வழி ஒன்று பிறந்தது. பழைய இதழ்களைக் கணிப்பொறியில் ஏற்றும்போது பொறியால் படிக்க இயலாத சொற்களை, விடை தெரிந்த சொல் ஒன்றோடு சேர்த்து மக்களிடம் காட்டினர். தெரிந்த சொல்லைச் சரியாக எழுதியவர் மற்றதையும் சரியாகவே படித்திருப்பார் என்று கொண்டு, பலர் விடைகளை ஒப்பிட்டனர். நியூயார்க் டைம்ஸ் இதழின் பழைய தாள்கள் இவ்வாறு படிக்கப்பெற்றன.

ஆயினும் பொறியும் கற்றுக்கொண்டே வந்தது. மிகக் கடினமாகத் திரித்த எழுத்துகளையும் நூற்றுக்கு 99.8 அளவில் பொறி படித்துவிடுகிறது என்று 2014இல் கூகுள் அறிவித்தது. அதன்பின், கட்டத்தில் குறியிடுவதற்கு முன்னும் பின்னும் ஒருவர் நடந்துகொள்ளும் முறையை ஆராயும் தேர்வுகள் வந்தன. அறிவைச் சோதித்த காலம் போய், இயல்பைச் சோதிக்கும் காலம் வந்துவிட்டது. தமயந்தியும் நளனின் அறிவையா பார்த்தாள்?

என் தெருவில் பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை, திரையைப் படித்துக் காட்டும் கருவியின் துணைகொண்டு தாமே நிரப்பினார். கடைசியில் எழுத்துப் படம் வந்தது. படத்தைக் கருவி படிக்கவில்லை; ஒலி வழி வினாவும் அங்கே இல்லை. என்னை அழைத்தார். ஐந்து எழுத்துகளைப் படித்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, நான் மனிதன் என்பதற்கு நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாயிலுக்குக் காவல் வேண்டும். ஆனால் பொறியைத் தடுக்கப் போட்ட தாழ், மனிதரையும் வெளியே நிறுத்துமாயின், எந்த நீதிக்காகக் காவல் வைத்தோமோ அந்த நீதியே பிழைபட்டுவிடும். நாளை இத்தகைய வாயில்களை அமைக்கப்போகிறவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். யார் உள்ளே வரக்கூடாது என்று எண்ணும் முன், யாரெல்லாம் உள்ளே வர வேண்டும் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.