விதான சௌதாவில் ஒரு வாக்கின் மதிப்பு 131

அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகள். 2000-இல் அல் கோரும் 2016-இல் ஹிலாரி கிளிண்டனும் மக்கள் வாக்கில் முந்தியும் தோற்றார்கள். அந்த முறையைத் திருத்தச் சொல்லும் குரல் அங்கே ஓயவில்லை. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ஒரு மாநிலக் கணக்கு உண்டு. அது மாறும் காலம் நெருங்கியும் இங்கே பேச்சு குறைவு.

2022 ஜூலை 18, குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். கர்நாடகச் சட்டமன்றமான பெங்களூரு விதான சௌதாவில் எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு. ஊதா மைப் பேனாவால் 1, 2 என விருப்ப வரிசை எழுத வேண்டும். மேலவை உறுப்பினர்கள் 75 பேருக்கும் வாக்கு கிடையாது. ஒரு எம்.எல்.ஏ.யின் வாக்கு மதிப்பு 131. கர்நாடகத்தின் 1971 மக்கள்தொகை சுமார் 2.93 கோடி, அதை 224 தொகுதிகளாலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் வருவது அது. இதே கணக்கில் தமிழ்நாட்டுக்கு 176, பிகாருக்கு 173, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வென்றவருக்கே அத்தனை வாக்கும் போய்விடும். இங்கே கட்சிக் கொறடா உத்தரவு கிடையாது, வாக்கு ரகசியம். கர்நாடகத்தின் 29,344 மதிப்பும் வேட்பாளர்களிடையே பிரியும். இந்த வகையில் நம் முறை மேலானது.

சிக்கல் 1971-இல் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலங்கள் இழப்படையக் கூடாதென்று 1976-இல் 42-வது திருத்தம் அந்த எண்ணிக்கையை உறைய வைத்தது. 2001-இல் நிறைவேறிய 84-வது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை அதை நீட்டித்தது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் விவரம் வெளியானதும் உறைவு தானாக விலகும். மக்களவைத் தொகுதிகளை மாற்றச் சட்டமும் ஆணையமும் வேண்டும். வாக்கு மதிப்பு மாற இரண்டும் வேண்டாம்.

2011 எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தாலே விளைவு தெரியும்: கர்நாடகம் 273, தமிழ்நாடு 308, பிகார் 428, உத்தரப் பிரதேசம் 496. இன்று பிகாரைவிட 3 கூடுதலாக உள்ள தமிழ்நாடு, 120 பின்தங்கும்.

ஆளுக்கேற்ற மதிப்பு நியாயம்தான். ஆனால் மாநில மசோதாக்களுக்கு ஒப்புதல் தரவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள பதவி இது. அதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலங்களின் எடை குறைவது சிறிய விஷயமல்ல. உறைவை நீட்டிக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை. அதற்கு நாளாகும். பெங்களூருவும் சென்னையும் கணக்கெடுப்பு விவரம் வெளியாகும்வரை காத்திராமல் இப்போதே அந்த நீட்டிப்பைக் கோரித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.