வெள்ளைக் கோட்டுப் பையில் உள்ள சிறு புத்தகம்

இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு ஓடுகிறோம். பணியில் இருப்பவர் இளம் டாக்டர். கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு மருந்து எழுதுகிறார். "இவருக்கே தெரியவில்லை போலிருக்கிறதே" என்று பயந்து, அந்நேரத்திலேயே பெங்களூருக்கு வண்டி பிடித்த குடும்பங்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. அந்தப் பயம் தேவையில்லாதது.

குழந்தைக்கு மருந்தளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது. பாராசிட்டமால் பொதுவாகக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. ஆனால் கடையில் 5 மில்லியில் 120 உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இதைப் புத்தகத்தில் சரிபார்ப்பவர் கவனமுள்ள டாக்டர். (வீட்டில் மருந்து கொடுக்கும் தாய்மார்களும் பாட்டிலில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்.)

பாம்புக்கடி இதற்கு நேர்மாறு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வயலில் குழந்தையைப் பாம்பு கடித்தால், விஷமுறிவு மருந்தின் அளவு பெரியவருக்கு உள்ளதேதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! எடைக்கணக்கிலேயே பழகிய இளம் டாக்டர் நள்ளிரவில் தடுமாறக்கூடிய இடம் இது. பையில் உள்ள நூல் அங்கேதான் உதவுகிறது.

இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. இப்னு சீனாவின் 'அல்கானூன்' ஐந்து பெரும் பகுதிகள் கொண்டது. அதைச் சுருக்கி 'மூஜஸ்' என்ற நூலாக்கியவர் இப்னு நஃபீஸ். அவர் 1288இல் கெய்ரோவில் காலமானார். அமெரிக்காவில் 'வாஷிங்டன் மேனுவல்' 1943இலும், இங்கிலாந்தில் 'ஆக்ஸ்ஃபோர்டு ஹேண்ட்புக்' 1985இலும் வந்தன. குழந்தை மருத்துவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாக்கெட் நூலின் இரண்டாம் பதிப்பு 2013இல் வந்தது. அதை இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் முன் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவம் படிக்கிறார்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் தகப்பனாருக்கு இந்தப் புத்தகச் செலவு பெரிய சுமை. ஆகவே படித்து முடித்தவர்களிடம் பழைய நூல்களைக் கேட்டு வாங்கி, தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறோம்.

இதில் ஒரு தவறு செய்தோம். வந்ததையெல்லாம் அப்படியே கொடுத்தோம். உடற்கூறியல் நூல் பத்து வருடம் பழையதானாலும் பெரிதாகக் கெடுவதில்லை, எலும்பு மாறப்போவதில்லை. மருந்தளவு நூல் அப்படி அல்ல. நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க 2011இல் நம் நாட்டில் தடை வந்தது. அதற்கு முன் அச்சான நூலில் அந்தத் தடை எப்படி இருக்கும்? அப்படி ஒரு பழைய பிரதியை நம்மிடம் வாங்கிய மாணவி ஒருவரே அதைத் திருப்பிக் கொண்டுவந்து எடுத்துக் காட்டினார். மற்றவர்களிடமும் கேட்டு, அப்படிப்பட்ட பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

இனி மருந்து சம்பந்தமான நூலாக இருந்தால் நடப்புப் பதிப்பை மட்டுமே கொடுப்போம். நன்கொடை தருபவர்கள் பழைய மருந்தளவு நூலுக்குப் பதில் புதியது ஒன்று வாங்கித் தந்தால், இன்ஷா அல்லாஹ், மிகுந்த உதவியாக இருக்கும். மற்ற பாடநூல்களை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் கொடுக்கலாம். பதிப்பு ஆண்டு உள்ள பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொண்டு வாருங்கள்.