உணவுக்குழாய்க் கசிவுக்கு எண்டோஸ்கோப்பி வழிச் சிகிச்சை

புற்றுநோய் கண்ட உணவுக்குழாயின் பெரும்பகுதியை அகற்றியபின், இரைப்பையைக் குழாய் வடிவில் தைத்து மேலே உயர்த்தி, எஞ்சிய உணவுக்குழாயுடன் இணைப்பது வழக்கம். வலப்பக்க மார்பைத் திறந்து இதைச் செய்யும் முறையை 1946-இல் விவரித்த வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஐவர் லூயிஸின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. குடலைப் போர்த்தியிருக்கும் ஸீரோசா என்னும் வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லாததாலும், உயர்த்தப்பட்ட இரைப்பையின் நுனிக்கு இரத்தம் குறைவாகவே எட்டுவதாலும், அந்த இணைப்புத் தையல் சிலருக்கு விட்டுப்போகிறது. அப்போது உமிழ்நீரும் செரிமான நீரும் மார்பின் நடுவறைக்குள் கசிந்து, அங்கே சீழ் கட்டுகிறது. காரணம் புரியாத காய்ச்சலும் இதயப் படபடப்பும் இதன் முதல் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் அவற்றை அலட்சியப்படுத்துவது ஆபத்து.

முன்பெல்லாம் நோயால் நலிந்தவரின் மார்பையே மீண்டும் திறக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஸ்டென்ட், அதாவது உறையிட்ட, தானே விரியும் கம்பிவலைக் குழாய், ஓட்டையை உள்ளிருந்து மறைத்தாலும், இடம்பெயர்ந்துவிடுவதுண்டு; வெளியே தேங்கிய சீழை அது வடிப்பதுமில்லை. சீழ் வடியாமல் புண் ஆறாது என்ற அறுவை மருத்துவத்தின் பழைய விதியை உணவுக்குழாய்க்குள்ளும் கடைப்பிடிக்க வழிசெய்ததே, ஜெர்மானிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த வெற்றிட உறிஞ்சல் சிகிச்சையின் பெருமை.

பாலியூரிதேன் பஞ்சைக் குழியின் அளவுக்குக் கத்தரித்து, மூக்கு வழியாகச் செலுத்தப்பட்ட குழாயின் நுனியில் நூலால் கட்டி, எண்டோஸ்கோப்பின் துணையுடன் இடுக்கியால் பிடித்துச் சீழ்க்குழிக்குள் வைக்கிறார்கள். குழி சிறிதானால் உணவுக்குழாய்க்குள்ளேயே, ஓட்டைக்கு நேராக வைப்பதுமுண்டு. குழாயின் மறுமுனையில் இணைத்த பம்பு பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் இடைவிடாது உறிஞ்சுவதால், சீழ் வெளியேறி, குழி சுருங்கி, புண்ணை ஆற்றும் சிவந்த புதுத் திசு அடியிலிருந்து வளர்கிறது. அத்திசு பஞ்சின் துளைகளுக்குள்ளும் புகுந்து பற்றிக்கொள்ளும் என்பதால், 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றியாக வேண்டும். உப்புநீரால் நனைத்து மெல்லப் பிரித்தெடுக்கும் அந்த வேலையில் அவசரம் கூடாது. இப்படிப் பல வாரங்கள் செல்லலாம். அதுவரை சிறுகுடலுக்குச் செலுத்திய குழாய் வழியாகத்தான் நோயாளிக்கு உணவு. தொண்டையில் குழாயுடன் கிடந்து, மீண்டும் மீண்டும் எண்டோஸ்கோப்பிக்கு உட்படும் அவருடைய சகிப்புத்தன்மைக்கு மருத்துவம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

உயர்த்திய இரைப்பையே அழுகிவிட்டால் இம்முறை பயன்படாது. மறு அறுவையே கதி. குழிக்கு அருகில் மகாதமனி இருந்தால் கடும் இரத்தப்போக்கு நேரக்கூடும் என்பதால், பஞ்சை வைக்குமுன் சி.டி. ஸ்கேனில் இரத்தக்குழாய்களின் நெருக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஆறியபின் இணைப்பு சுருங்கி விழுங்குவது சிரமமானால், பலூன் கொண்டு அதையும் எண்டோஸ்கோப்பி வழியாகவே விரிக்கலாம்.